குழாய் விட்டு வீடு நனைந்தது: சர்வேயர் வரும்வரை சுவரைத் தொடக் கூடாதா?

பெண்ணையாற்றங்கரை (காவேரிப்பட்டணம்)

எங்கள் வீடு கீழ்த்தளமும் மேல்தளமும் கொண்டது. கடந்த மாதம் நாங்கள் உறவினர் திருமணத்துக்காக வெளியூர் சென்றிருந்த இரவில், மேல்தளக் குளியலறைச் சுவருக்குள் புதைந்திருந்த குழாயின் இணைப்பு விட்டுப்போயிற்று. மோட்டார் தானியங்கியில் இருந்ததால் தொட்டி காலியாகக் காலியாக மீண்டும் நிரம்பி, விடியும்வரை தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. கூடத்தின் மேற்கூரைப் பூச்சு விழுந்தது; ஒரு பக்கத்து மின்கம்பிகள் முழுவதும் கெட்டன; மெத்தைகளும் தொலைக்காட்சியும் பயனற்றுப் போயின.

காலையில் வந்து பார்த்தவுடன் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிட்டு, பிளம்பரை அழைத்து, டைல்ஸை உடைத்து, குழாயை மாற்றினோம். பிறகு இழப்பை மதிப்பிட வந்த காப்பீட்டுச் சர்வேயர் இரண்டு காரணங்களைச் சொல்லிக் கட்டடத்துக்கான தொகையைப் பெரிதும் குறைத்துவிட்டார். உடைந்த இடத்தை உடைந்த நிலையில் தாம் பார்க்க முடியவில்லை என்பது ஒன்று. கூடத்துச் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதால், இது நெடுநாள் கசிவுதானே தவிர அந்த ஒரே இரவில் நேர்ந்ததல்ல என்பது மற்றொன்று. நாங்கள் கேட்டது ரூ.3,40,000, அவர்கள் தர முன்வந்திருப்பது ரூ.1,10,000. பாலிசி ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ என்ற வீட்டுக் காப்பீட்டு வகையைச் சேர்ந்தது. வாங்கிக்கொண்டு விடுவதா, மேலே போவதா என்று வீட்டில் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை.

அரூரான்

அம்மா, பொதுக் காப்பீட்டுத் துறையில் பல ஆண்டுகள் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்க்கும் மேசையில் அமர்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சர்வேயர் மீது கோபப்படுவதற்குமுன் அவருடைய இடத்தில் நின்று பாருங்கள். இந்தப் பாலிசியில் தண்ணீர்த் தொட்டி, நீர்க் கருவிகள், குழாய்கள் ஆகியவை வெடிப்பதும் வழிவதும் காப்புக்கு உட்பட்டவை என்பது உண்மை. ஆனால் அந்தப் பட்டியலின் தலைப்பிலேயே, எதிர்பாராத நிகழ்வுகளால் ஏற்படும் இழப்பு என்ற நிபந்தனை நிற்கிறது. மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டிருக்கும் குழாய் எதிர்பாராத நிகழ்வு ஆகாது. அது பராமரிப்புக் குறைவு.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரும் எங்கள் அரூரில் 33 சென்டிமீட்டரும் கொட்டியபோது, வெள்ளம் வந்ததா என்று யாரும் யாரிடமும் சான்று கேட்கவில்லை. வானிலைத் துறையின் பதிவே சான்றாக இருந்தது. வீட்டுக்குள் குழாய் விட்டால் அப்படி வெளிச்சாட்சி எதுவும் கிடையாது. உடைந்த இடம் ஒன்றுதான் சாட்சி. அதையும் உடைத்து எடுத்துவிட்ட பிறகு, சர்வேயர் சுவரில் தெரிவதைக் கொண்டுதான் எழுத முடியும். வந்ததை வாங்கிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

நல்லம்பள்ளி வழக்குரைஞர்

அரூரார் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாவது பாதி மிகவும் தவறு. சர்வேயர் வந்து பார்த்து நிறுவனம் ஒப்புதல் தரும்வரை சேதமடைந்த பொருள்களை விற்கவோ, அப்புறப்படுத்தவோ, கழுவவோ, பழுதுபார்க்கவோ கூடாது என்று பாலிசி சொல்வது மெய்தான். ஆனால் அதே நிபந்தனையின் முடிவில், மேற்கொண்டு இழப்பு நேராமல் தடுப்பதற்குத் தேவையான செயல் இதற்கு விலக்கு என்றும் இருக்கிறது. அது மட்டுமன்று, இழப்பு பெருகாமல் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது பாலிசிதாரரின் கடமை. தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும் சுவரைச் சர்வேயருக்காகக் காத்திருந்து அப்படியே விட்டிருந்தால், நீங்கள் ஏன் தடுக்கவில்லை என்று இதே நிறுவனம் கேட்டிருக்கும்.

ஆகவே கேள்வி, சுவரை உடைத்தது சரியா என்பதன்று. எவ்வளவு உடைத்தீர்கள், அதற்குமுன் படம் எடுத்தீர்களா, கழற்றிய குழாயை வைத்திருக்கிறீர்களா என்பதுதான்.

பெண்ணையாற்றங்கரை

குழாய்த் துண்டு இணைப்போடு அப்படியே இருக்கிறது. சர்வேயர் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. உடைப்பதற்கு முன்னும் உடைத்தபோதும் என் மகன் கைப்பேசியில் எடுத்த காணொளிகள் இருக்கின்றன. நாங்கள் மாற்றியது குழாயை மட்டுமே. பூச்சு வேலையையோ மின்வேலையையோ இன்னும் தொடவில்லை.

அரூரான்

வழக்குரைஞர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. தண்ணீரை நிறுத்துவதற்கு மேல்தொட்டியின் அடியில் உள்ள வால்வை மூடினால் போதாதா? வால்வை மூடியபிறகு மேற்கொண்டு என்ன இழப்பு நேரும் என்று சுவரை உடைத்தார்கள்? விலக்கு என்பது அவசரத்துக்கு மட்டுமே, வசதிக்கு அன்று. குடும்பத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது, ஆனால் அது நிபந்தனையில் இல்லை.

ஓசூர்க் கட்டுநர்

வால்வைப் பற்றிய கேள்வி நியாயமானது, ஆனால் கட்டடத்தை அறிந்தவர் கேட்கும் கேள்வியன்று. நம் பகுதியின் பெரும்பாலான வீடுகளில் மேல்தொட்டியிலிருந்து வரும் ஒரே குழாய்தான் எல்லாத் தளங்களுக்கும் பிரிகிறது. குளியலறைக்குத் தனி வால்வு வைத்த வீட்டை நான் அரிதாகவே பார்க்கிறேன். மேல்தொட்டியின் வால்வை மூடினால் வீடு முழுவதற்கும் தண்ணீர் நிற்கும். மேலும் சுவருக்குள் தேங்கிய ஈரம் வால்வை மூடியதால் வெளியேறிவிடாது. மின்குழாய்கள் ஓடும் சுவரில் அதை அடைத்து வைப்பது ஆபத்தானது.

நான் சொல்ல வந்தது உப்பைப் பற்றி. செங்கல்லிலும் மணலிலும் சிமெண்டிலும் கரையக்கூடிய உப்புகள் எப்போதும் உண்டு. சுவர் நனைந்து, பிறகு உலரும்போது, ஈரம் அவற்றைக் கரைத்து மேற்பரப்புக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஆவியாகிறது. நம் ஆழ்துளைக் கிணற்று நீரும் பெரும்பாலும் உப்புக் கனத்த நீர். நன்றாக ஊறிய சுவர் ஒன்று முதன்முறை உலரும்போதே வெள்ளை பூப்பதைக் கட்டுமானப் பணியிடங்களில் தொடர்ந்து பார்க்கிறோம். ஆகவே உப்புப் பூத்திருப்பது, சுவர் நனைந்தது என்பதற்குத்தான் சான்று. எப்போதிலிருந்து நனைந்தது என்பதற்குச் சான்றாகாது.

பழைய கசிவாக இருந்தால் வேறு அடையாளங்கள் இருக்கும். வண்ணப்பூச்சின் மேல் ஒன்றின்மேல் ஒன்றாகப் பழுப்பு வளையங்கள் தெரியும். கூரைப் பூச்சு விழுந்த இடத்தில் உள்கம்பி துருவேறிப் பருத்து, காங்கிரீட்டைப் பிளந்திருக்கும். அருகில் உள்ள மரச்சட்டம் கறுத்து மக்கியிருக்கும். ஒரே இரவில் நனைந்த பிளைவுட் விளிம்பில் ஊதிப் பிரியுமே தவிர, மக்காது. அம்மா, பூச்சு விழுந்த இடத்தில் கம்பி தெரிகிறதா? தெரிந்தால் அது எப்படி இருக்கிறது?

பெண்ணையாற்றங்கரை

ஓரிடத்தில் கம்பி தெரிகிறது. மேலே இலேசான செந்நிறம் உண்டு. பருக்கவில்லை, சுற்றியுள்ள காங்கிரீட்டிலும் பிளவு இல்லை.

ஓசூர்க் கட்டுநர்

அதை அளவுகோலோடு சேர்த்துப் படமெடுத்து வையுங்கள். இன்னொன்றும் செய்யலாம். நெடுநாள் கசிவு இருந்திருந்தால் மோட்டார் அடிக்கடி ஓடியிருக்கும். சென்ற சில இருமாத மின்கட்டண அட்டைகளை வரிசையாக வையுங்கள். பயன்பாடு சீராக இருந்தால் அது உங்களுக்குச் சாதகமான ஒரு சாட்சி. முழுச் சான்று என்று சொல்லமாட்டேன், ஏனெனில் சிறு கசிவு மின்கணக்கில் தெரியாமலும் போகலாம்.

அரூரான்

மின்கட்டண அட்டை நல்ல யோசனை. என் காலத்தில் யாரும் கொண்டுவந்ததில்லை. உப்பைப் பற்றி நீங்கள் சொல்வதையும் மறுக்கமாட்டேன். இருந்தாலும் சர்வேயர் உரிமம் பெற்றவர். அவருடைய அறிக்கையை ஒரு பொறியாளரின் கருத்து ஒதுக்கிவிடாது.

நல்லம்பள்ளி வழக்குரைஞர்

ஒதுக்கிவிடாது, உண்மை. ஆனால் அறிக்கை வேதவாக்கும் அன்று. சர்வேயர் அறிக்கை இறுதியானதன்று, அதிலிருந்து விலகலாம் என்று 2009-இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. விலகுவதற்குக் காரணம் வேண்டும். ஓசூரார் கொடுத்திருப்பது அந்தக் காரணம்தான்.

நடைமுறையைச் சொல்கிறேன். முதலில் சர்வேயர் அறிக்கையின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். எந்த இனத்தில் எவ்வளவு குறைத்தார், தேய்மானம் என்று கழித்தாரா, பழைய கசிவு என்று எந்த அடையாளத்தைக் குறிப்பிட்டார் என்பது அதில்தான் தெரியும். வீட்டின் மதிப்பைவிடக் காப்பீட்டுத் தொகை குறைவு என்ற காரணத்தால் விகிதாசாரமாகக் குறைத்திருந்தால், இந்த வகைப் பாலிசியில் அப்படிச் செய்ய இடமில்லை. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பாலிசியின் சிறப்புகளில் அது ஒன்று. வீடு குடியிருக்கத் தகுதியற்றுப் போயிருந்தால், மாற்று வீட்டு வாடகையைக் கேட்டீர்களா? இடிபாட்டை அகற்றும் செலவு, கோரிக்கைத் தொகையில் 2 விழுக்காடு வரை உண்டு. பலரும் இவற்றைக் கேட்பதே இல்லை; கேட்காததை நிறுவனம் தானாகத் தராது.

அடுத்து, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குக் குழாய்த் துண்டின் படம், காணொளி, கட்டுநரின் எழுத்துபூர்வமான கருத்து, மின்கட்டண அட்டை ஆகியவற்றோடு மறுபரிசீலனைக் கடிதம் அனுப்புங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) போகலாம். ரூ.50 லட்சம் வரையிலான கோரிக்கைகளை அவர் பார்க்கிறார். கட்டணம் இல்லை, வழக்குரைஞரும் வேண்டியதில்லை. (என் தொழிலுக்கே எதிரான அறிவுரை, ஆனாலும் சொல்கிறேன்.) நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே வழக்குத் தொடுத்திருந்தால் அவர் எடுத்துக்கொள்ளமாட்டார் என்பதால், அந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

பெண்ணையாற்றங்கரை

ரூ.1,10,000-ஐ இப்போது வாங்கிக்கொண்டு மீதிக்குப் போராட முடியுமா? முழுத் தீர்வு என்று எழுதிய டிஸ்சார்ஜ் வவுச்சர் ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள்.

அரூரான்

கையெழுத்துப் போட்டால் கணக்கு முடிந்தது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். அந்தத் தாளின் நோக்கமே அதுதான்.

நல்லம்பள்ளி வழக்குரைஞர்

நிறுவனம் அப்படி எடுத்துக்கொள்ளும். சட்டம் முழுக்க அப்படிச் சொல்லவில்லை. மோசடி, தவறான தகவல், நெருக்குதல் ஆகியவற்றின் கீழ்ப் பெறப்பட்ட கையெழுத்து மேற்கொண்டு கேட்பதைத் தடுக்காது என்று 1999-இல் அஜ்மீர் சிங் காட்டன் மில்ஸ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நெருக்குதல் இருந்தது என்று பிறகு நிரூபிக்க வேண்டிய சுமை உங்கள் தலையில் விழும். ஆகவே முழுத் தீர்வு என்ற தாளில் கையெழுத்திட வேண்டாம். மறுப்பில்லாத தொகையை மட்டும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்ளத் தயார் என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்கள் அனுப்பாவிட்டாலும் அந்த மின்னஞ்சல் உங்களுக்கு உதவும்.

அரூரான்

அந்த மின்னஞ்சலை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டுக்கடன் நிலுவையில் இருந்து, பாலிசியில் வங்கியின் பெயர் சேர்க்கப்பட்டிருந்தால், கட்டடத்துக்கான தொகை வங்கிக்குத்தான் போகும். இங்கே பெரிதாகக் குறைக்கப்பட்டதும் கட்டடத்துக்கான பகுதிதான். நீங்கள் போராடிப் பெறப்போவது கையில் வருமா, கடன் கணக்கில் வரவாகுமா என்பதை வங்கிக் கிளையில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பழுதுபார்ப்பதற்காக அதை விடுவிக்கச் சொல்லி எழுத்துமூலம் கேட்கலாம். மற்றபடி, பழைய கசிவு என்ற சர்வேயரின் முடிவு தவறு என்று நான் இன்னும் ஏற்கவில்லை. குழாய்த் துண்டைப் பார்க்காமல் எழுதியது மட்டும் தவறு என்பேன்.

பெண்ணையாற்றங்கரை

கடன் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறேன். அறிக்கையின் நகல் கேட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். வவுச்சரில் கையெழுத்திடவில்லை. ஓசூர் ஐயா, கம்பியின் படத்தையும் குழாய் இணைப்பின் படத்தையும் தனியே அனுப்புகிறேன். எழுத்துபூர்வமான கருத்துக்கு உரிய கட்டணத்தைச் சொல்லுங்கள்.

ஓசூர்க் கட்டுநர்

படத்தை மட்டும் பார்த்து எழுதினால் அது நிற்காது. அடுத்த வாரம் கிருஷ்ணகிரிக்கு வரும்போது நேரில் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை கூடத்துச் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டாம்.