மினி விப் ஆன்டெனாவை உயர்த்தியும் சிக்னல் ஏறவில்லை, எங்கே கோளாறு?

தோப்பு ரேடியோ (பர்கூர்):
வணக்கம். ஜே310, 2என்5109 டிரான்சிஸ்டர்கள் போட்ட வழக்கமான மினி விப் (சின்னத் தகடும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற ரிசீவிங் ஆன்டெனா) ஒன்று செய்து மாந்தோப்பில் வைத்திருக்கிறேன். விஜயநாராயணம் கடற்படை நிலையத்தின் 18.2 கிலோஹெர்ட்ஸ்தான் எனக்கு அளவுகோல். 3 மீட்டர் ஜிஐ பைப்பில் இருந்ததை 6 மீட்டருக்கு ஏற்றினேன். உயரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் கூடும் என்கிறார்கள், எனக்கு 1 டெசிபல்கூட ஏறவில்லை, இரைச்சலும் அப்படியே. இன்னொரு பைப் வாங்கிச் சேர்க்கலாமா, இல்லை சர்க்யூட்டைப் பிரித்துப் பார்க்கலாமா?

பாலக்கோட்டான்:
பைப்பும் வேண்டாம், சர்க்யூட்டையும் தொட வேண்டாம் தம்பி. பெட்டி பைப்பின் உச்சிக்கு மேலே நிற்கிறதா, பக்கத்தில் கட்டியிருக்கிறதா? சுற்றிலும் மரம் எவ்வளவு உயரம்? கேபிளின் ஷீல்டு, அதாவது வெளிப்பின்னல், எங்கே எர்த் ஆகிறது?

தோப்பு ரேடியோ:
கிளாம்ப் போட்டுப் பக்கவாட்டில்தான் இருக்கிறது அண்ணே, பைப் அதற்கு மேலே ஒரு அடி நீட்டிக்கொண்டிருக்கிறது. மரங்கள் எல்லாம் பெங்களூரா ரக மா, பழைய மரங்கள், பைப் உயரத்துக்கு வந்துவிட்டன. எர்த் தனியாக எதுவும் இல்லை, கேபிள் நேராக வீட்டுக்குள் போகிறது.

பாலக்கோட்டான்:
அப்படியென்றால் சிக்னல் ஏறாததில் ஆச்சரியமே இல்லை. 18.2 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 16 கிலோமீட்டருக்கு மேல். அந்த நீளத்தோடு ஒப்பிட்டால் 3 மீட்டரும் 30 மீட்டரும் ஒன்றுதான், அதனால் ஷார்ட்வேவ் டைபோலை உயர்த்தினால் அலையைப் பிடிக்கும் கோணம் மாறும் என்கிற கதையெல்லாம் இங்கே செல்லாது, உயரம் வேறு விதத்தில்தான் உதவுகிறது. தகடு நிற்கும் இடத்துக்கும் தரைக்கும் உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தைத்தான் இது எடுக்கிறது. மின்புலம் மீட்டருக்கு 1 மில்லிவோல்ட் என்றால் 3 மீட்டரில் 3, 6 மீட்டரில் 6 மில்லிவோல்ட், அந்த 6 டெசிபல் இப்படித்தான் வருகிறது. ஆனால் தரையில் ஊன்றிய இரும்பு பைப், தரையின் வோல்டேஜை உச்சி வரை தூக்கிக்கொண்டு போகிறது. அதை ஒட்டியபடி தகட்டை வைத்தால் எவ்வளவு உயர்த்தினாலும் தகடு தரையில் இருப்பது மாதிரிதான். பச்சை மரமும் ஓரளவு அதே வேலையைச் செய்யும், மழை பெய்து நனைந்திருந்தால் இன்னும் அதிகம். பைப்பின் தலையில் அரை மீட்டர் பிவிசி குழாய் செருகி அதன் உச்சியில் பெட்டியை வையுங்கள், கம்பத்தைத் தோப்பை விட்டு வெட்டவெளிக்குக் கொண்டு போங்கள்.

ஓசூர் மொட்டைமாடி:
இடையில் ஒரு வார்த்தை. லூப் ஆன்டெனா வைத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை, அது காந்தப்புலத்தை எடுப்பது, இடுப்பு உயரத்தில் வைத்தாலும் போதும். என்னைப் போல மாடிவீட்டில் இருப்பவர்களுக்கு அதுதான் சரி.

தோப்பு ரேடியோ:
லூப் அப்புறம் பார்க்கிறேன். இரைச்சலுக்கு என்ன செய்வது அண்ணே? மெயினை அணைத்துவிட்டு லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினால் இரைச்சல் பாதிக்கு மேல் அடங்குகிறது.

பாலக்கோட்டான்:
அப்போது அது பெரும்பாலும் காற்றில் வருவதல்ல, கேபிள் ஷீல்டு வழியாக ஏறி வருவது. எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், சோலார் சார்ஜர் எல்லாம் வீட்டு எர்த்தில் கொட்டுகிற குப்பையை ஷீல்டு அப்படியே பெட்டி வரை தூக்கிப் போகிறது, தகடு அதையும் சிக்னல் என்று நினைத்துக்கொள்கிறது. ஷீல்டைக் கம்பத்தின் அடியிலேயே எர்த் செய்யுங்கள். நம் பக்கம் நாலடி தோண்டினால் பாறை, ராடு இறங்காது, கரியும் உப்பும் போட்டுக் குழி எர்த் போட வேண்டும். வற்றிப்போன போர்வெல்லின் இரும்பு கேசிங் இருந்தால் அருமையான எர்த். மோட்டார் ஓடுகிற போர் மட்டும் வேண்டாம், ஸ்டார்ட்டர் இரைச்சலும் கூடவே வரும். வீட்டுப் பக்கம் ஃபெரைட் வளையத்தில் கேபிளை நாலு சுற்றுச் சுற்றுவது 18 கிலோஹெர்ட்ஸுக்குப் பெரிதாக உதவாது. கம்பத்தடியில் 12 வோல்ட் பேட்டரியும், சிக்னல் வரும் கேபிளிலேயே பெட்டிக்குக் கரண்ட் ஏற்றுகிற பயாஸ் டீயும் வைத்துவிட்டு, வீட்டு முனையில் இரண்டு சுருளும் தனித்தனியாக உள்ள டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் வேலை முடிந்தது.

தோப்பு ரேடியோ:
கம்பத்தைக் கிணற்று மேட்டுக்கு மாற்றிவிட்டேன், கேசிங்கில் எர்த். 18.2 நன்றாக எழும்பி நிற்கிறது, இரைச்சலும் இறங்கிவிட்டது. ஆனால் புதிதாக ஒரு தொல்லை: பெங்களூர் வானொலி 612 கிலோஹெர்ட்ஸ் போக 1224-லும் அதே குரல் கேட்கிறது.

பாலக்கோட்டான்:
அது 200 கிலோவாட் நிலையம், உங்களுக்கு ரொம்பப் பக்கம். 612-இன் இரட்டிப்புதான் 1224, ஆம்ப்ளிஃபயரோ ரிசீவரோ திணறுகிறது. ரிசீவருக்கு முன்னால் 612-ஐ மட்டும் வெட்டுகிற நாட்ச் ஃபில்டர் போட்டுப் பாருங்கள். அப்படியும் 1224-இல் குரல் போகவில்லையென்றால் திணறுவது மேலே இருக்கிற பெட்டி. கம்பத்தை 4 மீட்டருக்கு இறக்குங்கள். 18.2 கொஞ்சம் இறங்கினாலும் இரைச்சலும் சேர்ந்தே இறங்கும், அதனால் தெளிவு ஒன்றும் குறைந்துவிடாது.