வெங்காயத் தோல் செல்லுல பசுங்கணிகம் ஏன் தெரியல? ரெக்கார்டுல எதை வரையறது?

கொழிஞ்சாம்பாறை அம்மா:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. பையன் இங்க பாலக்காடு ஜில்லாவுல தமிழ் மீடியம் ஒன்பதாவது படிக்கிறான். ஸ்கூல்ல வெங்காயத் தோல உரிச்சு ஒரு சொட்டு அயோடின் விட்டு மைக்ரோஸ்கோப்ல காட்டியிருக்காங்க, செங்கல் அடுக்குன மாதிரி கட்டம் கட்டமா இருந்துச்சாம், ஒவ்வொண்ணுலயும் ஓரமா பழுப்பா ஒரு புள்ளி, அதுதான் உட்கருன்னு டீச்சர் சொன்னாங்களாம். ஆனா புக்குல தாவர செல்லுன்னு இருக்கற படத்துல பசுங்கணிகம், மைட்டோகாண்ட்ரியா, கோல்கைன்னு என்னென்னமோ இருக்கு, இவன் பாத்ததுல பச்சையா ஒண்ணுமே இல்லயாம். ரெக்கார்டுல எதைம்மா வரையட்டும்னு கேக்கறான், எனக்கு சொல்லத் தெரியல.

சித்தூர் வாத்தியார் (ரிட்டயர்டு):
கண்ணுல பாத்ததை மட்டும் வரையச் சொல்லுங்கம்மா. புக்குல இருக்கற படம் எந்த ஒரு செல்லோட போட்டோவும் கிடையாது, பல செல்லுல இருக்கறதை எல்லாம் புள்ளைங்க படிக்கறதுக்காக ஒரே கட்டத்துக்குள்ள சேத்துப் போட்டது. நெஜத்துல ஒவ்வொரு செல்லும் அது செய்யற வேலைக்கு ஏத்த மாதிரிதான் இருக்கும். வெங்காயத்தோட உள் அடுக்குல வெயிலே படாது, வெயில வெச்சு செடிக்கு சாப்பாடு தயாரிக்கற பசுங்கணிகத்துக்கு அங்க என்ன வேலை? அதே செடியோட தாள்ல, தோலுக்கு உள்ள இருக்கற சதையில பாருங்க, பச்சை நெறஞ்சு கெடக்கும். ரெண்டு எடத்துலயும் உட்கருக்குள்ள இருக்கற டிஎன்ஏ ஒண்ணேதான்.

பசுங்கணிகம் பாக்கணும்னு ஆசைப்பட்டா வாய்க்கால்ல இருந்து வேலம்பாசிங்கற தண்ணிச் செடி ஒரு கொத்து எடுத்துட்டுப் போகட்டும். அந்த இலை ரெண்டு செல் கனம்தான், சீவ வேண்டாம் சாயம் வேண்டாம், அப்படியே ஒரு சொட்டுத் தண்ணியில வெச்சு கொஞ்ச நேரம் வெளிச்சத்துல விட்டுப் பொறுமையா பாத்தா பச்சை உருண்டைங்க செல்லு ஓரமா ஒண்ணு பின்னால ஒண்ணு நகரும். நகத்தறது சைட்டோபிளாசம், செல்லுக்குள்ள இருக்கற கூழ். செல்லுன்னா உயிருள்ளதுன்னு நான் பாடமா எத்தனை சொன்னாலும் அதைப் பாத்த புள்ளைங்களுக்குத்தான் மனசுல ஏறும்.

இன்னொண்ணு, சிவப்பு வெங்காயத்தோட ஊதாத் தோல். அந்த நிறம் செல்லு நடுவுல பெருசா இருக்கற வேக்குவோல்ங்கற பைக்குள்ள இருக்கற தண்ணியில கரைஞ்சிருக்கு. மேல மூடற மெல்லிசு கண்ணாடி, அதான் கவர் ஸ்லிப், அது ஓரத்துல ஒரு சொட்டு உப்புத்தண்ணி விட்டு எதிர்ப்பக்கம் ஒத்துத்தாளால உறிஞ்சச் சொல்லுங்க, தண்ணி வெளிய போய் ஊதா சுருங்கி உள்ள ஒதுங்கும், செல் சுவர் மட்டும் அசையாது. அப்ப சுவரை விட்டு விலகி உள்ள வர்ற விளிம்புதான் செல் சவ்வு. மத்த நேரம் சுவரோட ஒட்டியே கெடக்கறதால பிரிச்சுப் பாக்க முடியாது.

நகரி லேப்காரன்:
சார் சொல்றது நூத்துக்கு நூறு. நான் இங்க ஆந்திரா பக்கம் நகரியில பிளட் லேப்ல இருக்கேன். தினமும் கண்ணாடியில ரத்தத்தை மெல்லிசா பூசி (ஸ்மியர்) லீஷ்மன்ங்கற சாயம் போட்டுப் பாக்கறப்ப வெள்ளையணுவுல உட்கரு ஊதாவா பளிச்சுன்னு நிக்கும், சிவப்பணுவுல உட்கருவே இருக்காது, நடுவுல வெளுத்த வட்டம் மட்டும்தான். முத்தி வரும்போதே உட்கருவ வெளிய தள்ளிட்டு எடத்தை ஹீமோகுளோபினுக்குக் குடுத்துடுது, ஆக்சிஜனை வெச்சு சக்தி எடுக்கற மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது, அதனால சொமக்கற ஆக்சிஜனைத் தானே செலவு பண்றதும் இல்ல. ஆயுசு சுமார் 120 நாள். கோழி ரத்தத்துல பாத்தா சிவப்பணுவுலயும் உட்கரு இருக்கும், பையனுக்குச் சொல்லுங்க.

கொழிஞ்சாம்பாறை அம்மா:
ரொம்ப நன்றிங்க சார், தம்பிக்கும். அப்ப மைட்டோகாண்ட்ரியாவும் வெங்காயத்துல இல்லைங்களா?

கம்பம் எம்எஸ்சி:
இருக்குங்க அக்கா, அது இல்லாம அந்த செல்லுக்கு ஏடிபி, அதாவது செல்லு செலவு பண்ற சக்தி, பத்தாது. ஆனா அகலம் ஒரு மைக்ரானும் வராது, நிறமும் இல்ல, ஜேனஸ் கிரீன் மாதிரி தனிச் சாயம் போட்டாத்தான் ஸ்கூல் மைக்ரோஸ்கோப்ல புள்ளி புள்ளியா தெரியும். உள்ள இருக்கற மடிப்பெல்லாம் 1950கள்ல எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பாத்துதான் தெரிஞ்சுது. அதுக்குன்னு சொந்த டிஎன்ஏ வேற இருக்கு, நமக்கு அது அம்மாகிட்ட இருந்துதான் வருது.

அதை விட பொடிசு புரதம் செய்யற ரைபோசோம், ஒரு மில்லிமீட்டர்ல சுமார் 50,000ல ஒரு பங்கு. நம்ம சிதம்பரத்துல பொறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் அதோட அமைப்பை எக்ஸ்ரே வெச்சு அணு அணுவா கண்டுபிடிச்சுதான் 2009ல இன்னும் ரெண்டு பேரோட வேதியியல் நோபல் வாங்குனாரு. பையன்கிட்ட இதையும் சொல்லுங்க, கேட்டா சந்தோஷப்படுவான்.

ரெக்கார்டுல படத்துக்குக் கீழ எத்தனை மடங்குன்னு மறக்காம எழுதச் சொல்லுங்க, கண்ணு வைக்கற லென்ஸ் (ஐபீஸ்) 10, கீழ இருக்கற லென்ஸ் (ஆப்ஜெக்டிவ்) 40ன்னா பெருக்கி 400.