மறு: ஸ்கோட்டோட்ரோபிசம்: இருள்நாட்டமா, ஒளிவிலக்கமா?

பினாங்கு ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

ஸ்கோட்டோட்ரோபிசம், அதாவது செடி இருட்டை நோக்கி வளர்வது, இதற்குத் தமிழில் ஒரு சொல் தேடுகிறோம். ஒளியை விட்டு விலகி வளர்வதைக் குறிக்க ‘எதிர் ஒளிச்சார்பசைவு’ ஏற்கெனவே இருக்க இன்னொரு சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் ஒன்றல்ல ஐயா. 1975இல் ஸ்டிராங், ரே என்ற இரு ஆய்வாளர்கள் மரமேறும் கொடியான மான்ஸ்டெரா ஜைகாண்டியாவின் நாற்றுகளைப் பற்றி எழுதியது இதுதான்: தரையில் முளைத்த நாற்று வெளிச்சத்துக்கு நேர் எதிர்த்திசையில் ஓடுவதில்லை, சுற்றிலும் எந்தப் பக்கம் ஆக இருட்டாக இருக்கிறதோ அங்கே போகிறது, காட்டில் அந்த இருட்டு பெரும்பாலும் ஒரு மரத்தின் அடிப்பகுதி, மரம் பருத்திருந்தால் இன்னும் தூரத்திலிருந்தே இழுக்கும். ஏறத் தொடங்கியதும் அதே கொடி வெளிச்சத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது. ஆகவே முதலில் நடப்பது விலகல் அல்ல, தேடல்.

விலகலுக்கும் ஒரு சொல் வேண்டும், அது வீட்டில் வளர்ப்பவர்களுக்குத்தான் அதிகம் உதவும். நம்ம கோலாலம்பூர் கொண்டோக்களில் (அடுக்குமாடி வீடுகளில்) வெளிச்சம் பெரும்பாலும் பால்கனிப் பக்கம் மட்டும்தான். மான்ஸ்டெராவின் இலையெல்லாம் அங்கே பார்க்கும், கணுவில் வரும் காற்றுவேர் தண்டின் பின்னால் சுவர்ப் பக்கமாக நீளும். கொடி ஏறுவதற்கான கம்பத்தை நட வேண்டியது அந்தப் பின்பக்கம். நிறையப் பேர் அழகுக்காக முன்னால் குத்திவிட்டு இலைக்காம்பையெல்லாம் இழுத்துக் கட்டுகிறார்கள், வேர் கம்பத்தைத் தொடவே தொடாது. கட்ட வேண்டியது தண்டை. தேங்காய் நார் சுற்றிய கம்பமென்றால் நார் ஈரமாக இருந்தால்தான் வேர் உள்ளே போகும், ஆனால் தொட்டி மண்ணையும் அப்படியே ஊறப்போட்டால் அழுகிவிடும், இங்கே இருக்கிற புழுக்கத்துக்கு மேல்மண் காய்ந்தபின் ஊற்றினால் போதும். வேர் இப்படி வெளிச்சத்தை விட்டு விலகி வளர்வதை ஒளிவிலக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, நாற்று செய்வதற்கு? தமிழ்நாட்டுப் பாடநூல் வழியில் ‘இருள்சார்பசைவு’ வரும். அசைவு என்றாலே எனக்குத் தொட்டாச்சிணுங்கிதான் நினைவுக்கு வருகிறது, இதுவோ மெதுவான வளர்ச்சி. சார்பசைவை இலங்கை வழக்கில் திருப்பம் என்பார்கள், நல்ல சொல், ஆனால் இருளோடு புணர்த்தினால் ‘இருட்டிருப்பம்’ ஆகிவிடும், அதைப் பிள்ளைகள் எங்கே பிரித்துப் படிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நம் மலேசியத் தமிழ்ப்பள்ளி அறிவியலில் தூண்டலுக்குக் காட்டும் எதிர்வினை என்ற பொருளில் வரும் ‘துலங்கல்’ எனக்குப் பிடித்ததுதான், ஆனால் துலங்குதல் என்றால் ஒளிர்தல் என்றும் பொருள், ‘இருள் துலங்கல்’ என்று எழுதினால் தமிழாசிரியர்கள் சிரிப்பார்கள்.

அதனால் ‘இருள்நாட்டம்’. செடிக்கு ஏது நாட்டம், அது மனசுள்ளவர்களுக்கு அல்லவா என்று ஒருவர் எழுதியிருந்தார். நீர் பள்ளத்தை நாடும் என்கிறோமே, யாரும் நீருக்கு மனசு தேடவில்லை. வினையாக்கவும் இது எளிது: “நாற்று இருளை நாடி வளர்கிறது.” இருள்சார்பசைவை வைத்து இதே வாக்கியத்தை எழுதிப் பாருங்கள்.

பெயரடையாக ‘இருள்நாடி’ வேண்டாம், வைத்தியரிடம் கை நீட்டுவது போலிருக்கிறது. ‘இருள்நாட்ட நாற்று’ என்றே எழுதலாம். மறுப்பு இருப்பவர்கள் சொல்லுங்கள், இல்லையென்றால் இருள்நாட்டம், ஒளிவிலக்கம் என்ற இரண்டு சொல்லையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.