மின்மினி 12 நிமிடத்தில் அந்த வேகத்தைத் தொடுமா?

நெடுந்தொலைவு:
நாம் ஏழு பேர் சேர்ந்து எழுதும் தொடரின் நாலாம் அத்தியாயத்தைப் படித்தேன். எரிச்சலாக இருக்கிறது. நம் விண்கப்பல் மின்மினியையும் அதை ஓட்டும் அமுதாவையும் பற்றி மின்னல்வீரன் எழுதிய வரி இதுதான்: "கிளம்பிய 12 நிமிடத்தில் மின்மினி ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொட்டது. அமுதா இருக்கையில் சாய்ந்து புன்னகைத்தாள்." புன்னகைத்தாளாம்! ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. போகும். பத்தில் ஒரு பங்கு என்றால் 30,000 கி.மீ. அதை 720 நொடியால் வகுத்துப் பாருங்கள். புவியீர்ப்பைப் போல 4,250 மடங்கு வரும். 70 கிலோ ஆளை 300 டன் அழுத்தும். அமுதா இருக்கையில் சாயமாட்டாள், அதில் பூச்சாகப் படிந்திருப்பாள்.

மின்னல்வீரன்:
"வேகமான கப்பல் வேண்டும்" என்று கேட்டவர்களில் நீங்களும் ஒருவர். மூன்று வாரம் உட்கார்ந்து உருவாக்கிக் கொடுத்தேன். எதிரி வந்து சேர 15 நிமிடம், இவள் தப்பிக்க 12 நிமிடம். கதையே அந்த மூன்று நிமிட இடைவெளியில்தான் நிற்கிறது. உங்கள் கணக்கில் எவ்வளவு ஆகும்?

நெடுந்தொலைவு:
ஒரு ஜி-யில், அதாவது புவியீர்ப்பின் அளவுக்கே வேகம் கூட்டிக்கொண்டு போனால், 35 நாள்.

மின்னல்வீரன்:
நல்லது. எதிரியை 35 நாள் காத்திருக்கச் சொல்லி ஒரு அத்தியாயம் நீங்களே எழுதுங்கள்.

சுழற்சி:
"வேகமான கப்பல்" என்றால் உச்ச வேகம் அதிகமா, அதைச் சீக்கிரம் எட்டுவதா? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

நெடுந்தொலைவு:
பேச்சு 12 நிமிடத்தைப் பற்றி. 1954 டிசம்பரில் ஜான் ஸ்டாப் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவர் ராக்கெட் சறுக்குவண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு போனார். மணிக்கு ஆயிரம் கி.மீ.க்கு மேல் போன வண்டி ஒன்றரை நொடிக்குள் நின்றது. 46 ஜி. கண்ணுக்குள் ரத்தக் குழாய்கள் வெடித்துச் சிறிது நேரம் பார்வையே இல்லை. அது 46, அதுவும் ஒரு கணம். இங்கே 4,250, அதுவும் 12 நிமிடம்.

யாழினி_எழுத்து:
அமுதாவைப் பற்றி யாராவது பேசுவீர்களா? இடது கையில் இரண்டு விரல் இல்லாத பெண். அதனால்தான் நெம்புகோலை மணிக்கட்டால் தள்ளுகிறாள், அதன் கைப்பிடியில் துணி சுற்றி வைத்திருக்கிறாள். இதை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. மின்னல்வீரன் தன் அத்தியாயத்தில் அவளுக்குப் பத்து விரலையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மின்னல்வீரன்:
அது கவனக்குறைவு, பார்க்கிறேன். 12 நிமிடம் மட்டும் மாறாது. மின்மினியின் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதில்லை. ஒரு புலம் கப்பலையும் அவள் உடலின் ஒவ்வொரு அணுவையும் சமமாக இழுக்கிறது. 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே புவியீர்ப்பு தரையில் இருப்பதில் சுமார் 90 சதவீதம். ஆனாலும் உள்ளே இருப்பவர்கள் மிதக்கிறார்கள், ஏனென்றால் எல்லாம் சேர்ந்தே விழுகிறது. அப்புறம் எங்கிருந்து வரும் உங்கள் 300 டன்?

நெடுந்தொலைவு:
அப்படியா? மூன்றாம் அத்தியாயத்தில், நீங்களே எழுதியது: "எஞ்சின் உறுமியதும் அமுதாவின் முதுகு இருக்கையில் புதைந்தது, மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து கன்னத்தில் பின்னோக்கி ஓடியது." சமமாக இழுக்கும் புலத்தில் முதுகு எப்படிப் புதையும்? ரத்தம் ஏன் பின்னால் ஓடும்? புலம் நேற்று ராத்திரிதான் வந்ததா?

பழையவாசகன்:
இன்னொன்று. இவளை விமானி என்று எழுதுவது உறுத்துகிறது, விமானமா ஓட்டுகிறாள்? நல்ல தமிழில் மீகாமன்.

யாழினி_எழுத்து:
மீகாமன் ஆண்பால், ஐயா. அதுவும் கடலில் போகிறவர்.

பழையவாசகன்:
அப்படியானால் வலவன். புறநானூற்றின் 27ஆம் பாட்டில் "வலவன் ஏவா வானஊர்தி" வருகிறது. வானத்தில் போவதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது.

யாழினி_எழுத்து:
அதுவும் ஆண்பால்தான். தவிர, வலவன் ஓட்டாத ஊர்தி என்றுதான் அந்தப் பாட்டே சொல்கிறது!

நெடுந்தொலைவு:
சொல் எதுவாகவும் இருக்கட்டும், 12 நிமிடம் தாங்காது. யாராவது அழுத்தம் தாங்க அவளைத் திரவத் தொட்டியில் படுக்க வைக்கலாம் என்று வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: நுரையீரலில் காற்று இருக்கும்வரை அது நசுங்கத்தான் செய்யும். இன்னொன்றும் இருக்கிறது. அந்த வேகத்தில் ஒரு கிராம் தூசி மோதினால் நூறு டன் டிஎன்டி வெடிமருந்து வெடித்த மாதிரி. மின்மினியின் முகப்பில் கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறார்.

மின்னல்வீரன்:
ஜன்னல் என் யோசனை இல்லை, சுழற்சி கேட்டது. உண்மையான கோபம் எதில் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் அத்தியாயத்தில் உங்கள் தளபதியைக் கொன்றேன், அன்றிலிருந்து என் ஒவ்வொரு வரியிலும் கால்குலேட்டரோடு நிற்கிறீர்கள்.

நெடுந்தொலைவு:
தளபதி செத்ததும் தவறான காரணத்தால்தான். வெற்றிடத்தில் மனிதன் நொடியில் உறைந்துவிடமாட்டான். சூட்டை எடுத்துப்போக அங்கே காற்றே கிடையாது. பத்துப் பதினைந்து நொடியில் மயங்குவான், அவ்வளவுதான். காப்பாற்ற நேரம் இருந்தது. அன்றைக்கே சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

சுழற்சி:
ஜன்னல் கேட்டேன், கண்ணாடி கேட்கவில்லை.

யாழினி_எழுத்து:
விரலைத் திருத்தியாகிவிட்டதா?

மின்னல்வீரன்:
ஐந்தாம் அத்தியாயம் ஏற்றிவிட்டேன். மின்மினியின் எஞ்சினை மேம்படுத்தியிருக்கிறேன். இப்போது 11 நிமிடம்.

நெடுந்தொலைவு:
11 நிமிடமா? 660 நொடி. 4,600 மடங்கைத் தாண்டுகிறது. முதல் வரியிலிருந்து வருகிறேன், இருங்கள்.