மாருதி 800: ஒயில் சம்ப் பெக்கிங்கை வீட்டிலேயே மாற்றலாமா?

தலவாக்கலை_800:
என்னிடம் பழைய மாருதி 800 ஒன்று இருக்கிறது. காலையில் பார்த்தால் வண்டிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒயில். நானுஓயா ஏற்றம் போய் வந்த நாட்களில் இன்னும் கூடுதல். எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கிற தகட்டுத் தட்டு, அந்தச் சம்பின் பின் விளிம்பு முழுக்க ஈரமாகி, மண் அப்பிக் கறுத்திருக்கிறது. கராஜில் சம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒழுகாமல் அடைக்கிற பெக்கிங் போய்விட்டது, வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். வேலைக்குப் போக வர எனக்கு இதுதான் வண்டி. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே மாற்ற முடியுமா? 10ஆம் இலக்க சொக்கட், ஜாக், ஸ்டாண்ட் எல்லாம் இருக்கின்றன. அல்லது போல்ட்டுகளை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டால் போதுமா?

ஹட்டன்_பாஸ்:
தம்பி, இறுக்க மட்டும் வேண்டாம். சம்ப் மெல்லிய தகடு. மேலும் இறுக்கினால் ஓட்டையைச் சுற்றித் தகடு குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் வாய் திறந்துவிடும். ஒழுக்கு கூடுமே தவிரக் குறையாது.

கழற்றுவதற்கு முன் ஒயில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எஞ்சின் தலையை மூடுகிற டெப்பட் கவர், ஒயில் பில்டர், ஒயில் பிரஷர் சுவிட்ச், எதில் ஒழுகினாலும் வடிந்து சம்ப் விளிம்பில்தான் வந்து நிற்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது மண்ணெண்ணெய்யும் பிரஷும் கொண்டு கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவி ஒரு ஓட்டம் ஓடி வாருங்கள். வெள்ளையில் கறுப்புக் கோடு தொடங்குகிற இடம்தான் ஆள். எஞ்சினும் கியர்பொக்ஸும் சேருகிற இடுக்கிலிருந்து சொட்டினால் அது கிராங்க் தண்டின் பின்பக்க ஒயில் சீல். அதற்குக் கியர்பொக்ஸை இறக்க வேண்டும், வீட்டில் தொடாதீர்கள்.

தலவாக்கலை_800:
பவுடர் போட்டுப் பார்த்தேன் அண்ணா. மேலே எல்லாம் காய்ந்திருக்கிறது. கோடு சம்பின் பின் மூலையில்தான் தொடங்குகிறது. கடையில் கேட்டால் பெக்கிங் எதற்கு, சிலிக்கன் பசை போதும் என்கிறார்கள். எது சரி?

பண்டாரவளை_வேன்:
கழற்றும்போது உள்ளே என்ன இருக்கிறதோ அதையே போடுங்கள். ரப்பரோ கோர்க்கோ இருந்தால் புதுப் பெக்கிங், வெறும் சிலிக்கன் இருந்தால் சிலிக்கன். ரப்பர் பெக்கிங்கின் இரண்டு பக்கமும் சிலிக்கன் பூசினால் இறுக்கும்போது வழுக்கி வெளியே பிதுங்கிவிடும். முன்னாலுள்ள ஒயில் பம்ப் கூடும் பின்பக்கச் சீல் கூடும் எஞ்சினோடு சேருகிற மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு வைக்கலாம்.

நம் பக்கத்தில் சமதரை கிடைப்பதே கஷ்டம். ஆனாலும் சரிவில் ஜாக் அடிக்காதீர்கள், கோயில் முன்றலோ பாடசாலை மைதானமோ கேட்டு வாங்குங்கள். பின் சில்லுகளுக்கு முட்டுக் கொடுத்து, ஸ்டாண்டில் நிறுத்திய பிறகுதான் அடியில் போக வேண்டும்.

ஒயிலை வடித்துச் சம்பை இறக்கியதும் அவசரப்படாதீர்கள், வேலையே இங்கேதான். கவிழ்த்து, விளிம்பின் மேல் நேரான இரும்பு அளவுகோலை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். போல்ட் ஓட்டைகள் மேடிட்டிருந்தால் மரக்கட்டையில் வைத்து மெதுவாகத் தட்டிச் சமப்படுத்துங்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு நல்ல பெக்கிங் போட்டாலும் நிற்காது. பழைய பெக்கிங்கைச் சுரண்டும்போது எஞ்சின் முகத்தில் கீறல் விழக்கூடாது. இரண்டு முகத்திலும் ஒயில் பசையே இருக்கக்கூடாது. சிலிக்கன் என்றால் 3 மில்லிமீற்றர் கோடு போதும், ஓட்டைகளுக்கு உள்பக்கமாகச் சுற்றி வரவேண்டும். அதிகமானால் உள்ளே பிய்ந்து விழுந்து ஒயில் உறிஞ்சுகிற வலையை அடைக்கும், எஞ்சினே போய்விடும்.

போல்ட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். 10 நியூட்டன் மீற்றர் அளவுதான். இறுக்கத்தை அளந்து காட்டுகிற டோர்க் ரென்ச் இல்லையென்றால் சின்னக் கைப்பிடியை விரல்களால் மட்டும் பிடியுங்கள்.

தலவாக்கலை_800:
நன்றி அண்ணா. ஞாயிறு பூட்டி, திங்கள் காலை எடுக்கலாம்தானே?

ஹட்டன்_பாஸ்:
பெக்கிங் என்றால் எடுக்கலாம். சிலிக்கன் என்றால் சனிக்கிழமையே பூசிவிடுங்கள். காற்றின் ஈரத்தில்தான் அது இறுகும், ஈரத்துக்கு நம் ஊரில் குறைவில்லை. ஆனால் குளிரில் மெதுவாகும். சிலிக்கன் உறையில் 24 மணித்தியாலம் என்று போட்டிருந்தால் அதற்கு மேலேயே விடுங்கள், அதுவரை ஒயில் ஊற்றாதீர்கள். வடிகால் போல்ட்டின் வாஷரையும் புதிதாகப் போடுங்கள். அப்புறம் எஞ்சினுக்குள் சேருகிற காற்றை வெளியே விட டெப்பட் கவரிலிருந்து போகிற பிரீதர் குழாயை ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அமுக்கம் ஏறி, புதுப் பெக்கிங்கையும் தள்ளிவிடும்.

பழைய ஒயிலை மட்டும் வடிகானில் ஊற்றிவிடாதீர்கள் தம்பி. கீழ் லயத்துப் பீலிக்கு வருகிறதும் அதே மலைத் தண்ணீர்தான். கேனில் அடைத்து, பழைய ஒயில் எடுக்கிற சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுங்கள்.