குறிநோக்கி: ஒப்புரு, மாற்றமைப்பு, போலி மூணும் ஒண்ணு இல்ல

வணக்கம் நண்பர்களே,

பழைய ராணுவ ரைபிள் மேல பொருத்துற டெலஸ்கோப்பிக் சைட்டுக்கும் (சுருக்கமா ஸ்கோப்), அதோட ரெப்ளிகா, கன்வெர்ட் பண்ணினது இதுக்கெல்லாமும் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு ஒரு சொல் பட்டியல் போட்டு இங்க போற பேச்சை நாலு நாளாப் படிச்சுக்கிட்டே இருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்குங்க.

முதல்ல மூலச்சொல்லு. ஸ்கோப்புக்குப் பட்டியல்ல இருக்கிற "தொலைநோக்கிக் குறியமைவு"ங்கிறதுல நீளத்தைக் கூட விட்டுடலாம், அந்த "தொலை"தான் எனக்கு உறுத்துது. ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன் ராணுவம் கே98 ரைபிள்ல வெச்ச இசட்.எஃப். 41 வெறும் 1.5 மடங்குதான் பெருசாக் காட்டும், பிரிட்டிஷ் நம்பர் 32 சுமாரா 3 மடங்கு, சோவியத் பி.யு. 3.5 மடங்கு. சாதாரண பைனாகுலரே இதைவிட அதிகம் காட்டும். அப்புறம் எதுக்கு இது? திறந்த சைட்ல சுடும்போது பின்சைட்டு, முன்சைட்டு, இலக்கு மூணும் மூணு தூரத்துல இருக்கு, கண்ணால மூணையும் ஒரே நேரத்துல தெளிவாப் பார்க்கவே முடியாது. ஸ்கோப்ல குறியும் இலக்கும் ஒரே தளத்துல வந்து விழுது, அதுதான் அதோட உயிர். உள்ள அந்தக் குறி இல்லேன்னா அது வெறும் தொலைநோக்கி. அதனால "குறிநோக்கி"க்குத்தான் என் ஓட்டு. குறி சொல்றவங்க ஞாபகம் வருதுன்னு ஒரு நண்பர் எழுதியிருந்தாரு, ஆனா குறி பார்த்து அடிச்சான், குறி வெச்சான், குறி தப்பிடுச்சுன்னு தினமும் பேசுறோமே, துப்பாக்கி பக்கத்துல வந்தா யாரும் குழம்ப மாட்டாங்க.

இதோட ஒட்டின இன்னொண்ணு, ரெட்டிகிள், அதாவது ஸ்கோப்புக்குள்ள தெரியுற அந்தக் குறி. "குறுக்கிழை"ன்னு போட்டிருக்கீங்க. நம்பர் 32லயும் பி.யு.லயும் இருக்கிறது மெல்லிசான சிலுவை இழை இல்ல, கீழேர்ந்து மேல எழும்பி நிக்கிற கூரான ஒரு கம்பமும் பக்கவாட்டுக் கோடும்தான். தராசு முள், கடிகார முள்னு நம்மகிட்டயே சொல்லு இருக்கே, "குறிமுள்"னு வெச்சா என்ன? கம்பத்துக்கும் பொருந்தும், சிலுவைக்கும் ஒத்துப்போகும்.

இப்ப ரெப்ளிகா. பட்டியல்ல "போலிக் குறிநோக்கி"ன்னு இருக்கு, இதை நான் கடுமையா எதிர்க்கிறேன். இலக்கணத்துல போலின்னா ஏமாத்துறது இல்ல, பந்தல் பந்தர் ஆகும், நிலம் நிலன் ஆகும், பொருள் மாறாது, அது தெரியும். அந்த அர்த்தத்துல பார்த்தா ரெப்ளிகாவுக்கு அவ்வளவு அழகாப் பொருந்துற சொல்லு வேற இல்ல. ஆனா இன்னைக்கு போலி டாக்டர், போலிப் பத்திரம்னு காதுல விழுந்து விழுந்து அந்தச் சொல்லு கறைபட்டுப் போச்சு. "இது நாங்க இப்ப செஞ்சது"ன்னு வெளிப்படையாச் சொல்லி விக்கிறவன் செஞ்ச பொருளை அப்படிக் கூப்பிடுறது அநியாயம். புதுசாச் செஞ்ச குழாய்ல பழைய தொழிற்சாலை முத்திரையையும் போர்க்கால வருஷத்தையும் அடிச்சு, தேய்ச்சு அழுக்காக்கி அசல்னு தள்ளிவிடுறானே, அவனுக்கு அந்தச் சொல்லை பத்திரமா வெச்சிருக்கணும்.

நகல்னா ஜெராக்ஸ் வாசனை, பிரதின்னா புத்தகம், மாதிரின்னா உள்ள கண்ணாடியே இல்லாத காட்சிப் பொம்மையும் அதுல வந்துடும். "ஒப்புரு"தான் சரி. ஆனா தயவுசெஞ்சு சுருக்குறேன்னு "ஒப்புநோக்கி"ன்னு ஆக்கிடாதீங்க, ஒப்புநோக்குறதுன்னா ஒண்ணோட ஒண்ணு வெச்சு சரிபார்க்கிறது, எல்லாம் தலைகீழாயிடும். "ஒப்புருக் குறிநோக்கி", நடுவுல க் போட்டு முழுசாவே இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஒரு தடவை பி.யு. அசலையும் ஒப்புருவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். வெளியில வித்தியாசமே தெரியல. விளக்கடியில சாய்ச்சுப் பிடிச்சா ஒப்புருவோட லென்ஸ்ல ஊதாவா ஒரு சாயல் ஓடுது, போர்க்காலத்து அசல்ல விளக்கு வெள்ளையாவே பளிச்சுன்னு திரும்புது, அதுல எதிரொளிப்பைக் குறைக்கிற பூச்சு கிடையாது. அடுத்து டிரம்மை, அதாவது இலக்கோட தூரத்துக்கு ஏத்த மாதிரி வெக்கிற குமிழை, திருப்பிப் பார்த்தேன், 1300 மீட்டர் வரைக்கும் எண் போட்டிருக்கு, திருப்பத் திருப்ப அசல்ல குறிமுள்ளே நடுவை விட்டு நகருது. அந்தக் காலத்து அமைப்பே அப்படித்தான், அதனாலதான் சோவியத் மோசின் நாகான் ரைபிள்ல ஸ்கோப்பைத் தாங்குற மவுண்ட்டை முன்னாடி ஒரு உருண்டை மேல உட்கார வெச்சு, பின்னாடி திருகால தூக்கி இறக்கி முள்ளை முடிஞ்சவரை நடுவுக்குக் கொண்டுவருவாங்க. இப்போதைய ஸ்கோப்கள்ல பெரும்பாலும் முள் நடுவுலயே நிக்கும், பிம்பம்தான் நகரும். உள்ள இந்தப் புது இயக்கத்தை வெச்ச ஒப்புருவுல இந்த அனுபவமே கிடைக்காது. உரு ஒத்திருக்கு, ஆனா பார்வை வேற, அதைத்தான் அந்தப் பேரும் சொல்லுது.

கன்வெர்ஷன்தான் உண்மையிலேயே சிக்கல். "மாற்றுக் குறிநோக்கி"ன்னா பதிலுக்கு வெச்ச ஸ்பேர்னு ஆயிடும். "உருமாற்று"ன்னா உருவம் மாறணும், பல சமயம் உருவம் மாறுறதே இல்ல. நம்பர் 32ஐயே எடுத்துக்குங்க, முதல்ல பிரென் மெஷின்கன்னுக்குன்னு வடிவமைச்சது, அப்புறம் நம்பர் 4 டி ஸ்நைப்பர் ரைபிளுக்கு வந்துச்சு. 1970 வாக்குல அதே ரைபிளுக்கு 7.62 மி.மீ. தோட்டாவுக்கான பேரல் போட்டு எல்42ஏ1 ஆக்கினப்போ நம்பர் 32ஓட மார்க் 3 ஸ்கோப்பையும் விடல, டிரம்ல .303 தோட்டாவுக்கான கெஜக் கணக்கை மாத்தி 7.62க்கான மீட்டர் கணக்கைப் போட்டு எல்1ஏ1னு பேர் குடுத்தாங்க. குழாய் அதேதான், அளவுதான் வேற. அதனால "மாற்றமைப்பு"ன்னு வெச்சு, யார் செஞ்சதுன்னு முன்னாடி ஒட்டணும்: "படை மாற்றமைப்பு", "தனியார் மாற்றமைப்பு". கடை வேட்டை ஸ்கோப்பை இப்ப ஒருத்தர் வெட்டி ஒட்டிப் பழசு மாதிரி ஆக்கினா அது ரெண்டாவது. ரெண்டையும் ஒரே பேர்ல போட்டா வரலாறு அழிஞ்சுபோகும்.

அமெரிக்க ஸ்நைப்பர் ரைபிள் எம்1903ஏ4ல வந்த வீவர் 330 ஸ்கோப் எந்தப் பக்கம்னு கேட்டிருந்தீங்க. அது கடையில வித்த வேட்டை ஸ்கோப்தான், அமெரிக்க ராணுவம் வாங்கி எம்73பி1னு பேர் வெச்சுது. மாற்றமைப்பு இல்ல, "படையேற்பு"ன்னு தனியாப் போடலாம்.

கடைசியா ஒரு சொல்லு பாக்கி. நம்பர் 4 டி ரைபிள்ல ஸ்கோப்போட வரிசை எண்ணை ரைபிளோட மரக்கட்டைக் கழுத்துப் பகுதியில அடிச்சிருப்பாங்க, மவுண்ட்ல ரைபிளோட எண் இருக்கும், ரெண்டும் பொருந்தினாத்தான் அது பிறந்த ஜோடி. இதுக்கு "இணையெண்"ணா, "ஜோடி எண்"ணா? சேகரிக்கிறவங்க வாயில ஜோடிதான் வருது, நான் அதுக்குத்தான் சாயுறேன். உங்க கருத்தை எழுதுங்க, அதுக்கப்புறம் பட்டியலைத் திருத்தி அனுப்புறேன்.