ஓரமாக நிற்பவர் யார்?

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்

காலை 9:04
பெரியப்பா: பரணில் கிடந்த தாத்தாவின் தகரப்பெட்டியை நேற்று இறக்கினேன். நாற்பது ஐம்பது புகைப்படங்கள், ஒரு கட்டுக் கடிதங்கள், ஆறு ஒலிநாடாக்கள். சில படங்கள் ஓரம் கிழிந்திருக்கின்றன. மாலையில் எல்லாவற்றையும் லேமினேஷன் செய்யக் கொடுக்கப் போகிறேன்.

நான்: பெரியப்பா, வேண்டாம்! இன்று கொடுக்காதீர்கள்.

பெரியப்பா: கெட்டுப்போகாமல் இருக்கத்தானே அம்மா செய்கிறேன்?

நான்: அது சூட்டில் பசையை உருக்கி ஒட்டுகிற வேலை. ஒட்டியபின் படத்துக்குச் சேதமில்லாமல் பிரித்தெடுக்க முடியாது. நான் சனிக்கிழமைகளில் ஓர் ஆவணக் காப்பகத்துக்குத் தன்னார்வலராகப் போகிறேன் அல்லவா? லேமினேஷன் செய்த கடிதம் வந்தால் அங்கே துக்க வீடு மாதிரி ஆகிவிடும்.

அண்ணன்: அப்பா ஏற்கெனவே செல்லோடேப் ஒட்டியிருப்பார். பந்தயம்.

பெரியப்பா: இரண்டே இரண்டு படத்துக்குத்தான்.

அண்ணன்: 😂

நான்: ஒட்டியதை இழுக்காதீர்கள், அப்படியே இருக்கட்டும். இனி ஒட்டாமல் இருந்தால் போதும். ஒவ்வொரு படத்தையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். படத்தின் முகத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து எடுங்கள்.

பெரியப்பா: பின்னால் பெயர் எழுதலாமா? பேனா கையில்தான் இருக்கிறது.

நான்: பேனாவை முதலில் கீழே வையுங்கள் 🙏 மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் ஒரு எண் மட்டும். பளபளப்பான தாளில் பென்சில் பிடிக்காவிட்டால் உறைமேல் எழுதிவிட்டுப் படத்தை உள்ளே வையுங்கள்.

சித்தி: எங்கள் ஆல்பத்தில் படங்கள் பசைப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. பிய்த்தால் கிழிகிறது.

நான்: பிய்க்காதீர்கள் சித்தி. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் இருக்கிறதே, அதைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே விட்டு மெதுவாக அறுத்துக்கொண்டே வாருங்கள். வரவில்லையென்றால் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடலாம்.

காலை 10:31
அண்ணன்: எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து இந்தக் குழுவில் போட்டால் ஆயிற்று. எதற்கு இவ்வளவு பாடு?

நான்: சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும் அண்ணா. முகம் தெரியும், பின்னால் சுவரில் தொங்கும் காலண்டரில் என்ன தேதி என்று பெரிதாக்கிப் பார்த்தால் வெறும் புள்ளிகள். ஸ்கேனரில் நுணுக்க அளவை 600 டிபிஐ வைத்து, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக எடுக்க வேண்டும். பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். ஸ்டுடியோ முத்திரை, தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

அப்பா: ஸ்கேன் செய்து யாருக்குக் கொடுக்கப் போகிறாய்? நம் வீட்டுக் குப்பையை எந்தக் காப்பகம் கேட்கிறது?

நான்: அப்பா, ரோஜா முத்தையா கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதியவர். புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, துண்டறிக்கை என்று மற்றவர்கள் வீசியெறிந்ததையும் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதை வைத்துத்தான் 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் தொடங்கினார்கள். இன்று அங்கே உட்கார்ந்து ஆராய்ச்சி செய்கிறார்கள். உங்கள் கணக்கில் அதுவும் குப்பைதான்.

அப்பா: சரி, சரி. காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணன்: யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. மீண்டும் கிடைக்காத ஓலைச்சுவடிகளும் அதில் உண்டு. எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது போதும்.

நான்: அதைத்தான் சொல்ல வருகிறேன். 2005-இல் ஈழத்துத் தன்னார்வலர்கள் நூலகம் என்ற பெயரிலேயே இணையத்தில் ஒரு காப்பகம் தொடங்கினார்கள். புத்தகம், பத்திரிகை, நினைவு மலர், பள்ளி மலர் என்று யார் யார் வீட்டிலோ இருந்ததெல்லாம் ஸ்கேன் ஆகி உள்ளே போகிறது. நாமும் மூன்று பிரதி வைப்போம். ஒன்று பெரியப்பாவிடம், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று அண்ணனிடம், வேறு நாட்டில்.

சித்தி: கடிதங்களை யார் படிப்பது? தாத்தாவின் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்குமே.

நான்: நீங்கள்தான் சித்தி! நம் குழுவில் உங்களை விட வேகமாகத் தமிழ் தட்டச்சு செய்பவர் யார்? மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியபோது அப்படித்தான் செய்தார்கள். பல நாடுகளில் இருந்தவர்கள் ஆளுக்கொரு நூலை எடுத்துக்கொண்டு தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இலவசமாக இணையத்தில் ஏற்றினார்கள்.

சித்தி: வாரத்துக்கு இரண்டு கடிதம் என்றால் முடியும். அதற்கு மேல் கேட்காதே.

பிற்பகல் 1:15
அப்பா: ஒரு விஷயம். கடிதங்களில் பாகப்பிரிவினைச் சண்டை எல்லாம் இருக்கிறது. அதை ஊர் படிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

நான்: சம்மதிக்க வேண்டியதில்லை அப்பா. கடிதக் காகிதம் நம்முடையது என்றாலும் அதிலுள்ள எழுத்தின் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான். தாத்தா எழுதியதற்கு நாம் இருக்கிறோம். தாத்தாவுக்கு வந்த கடிதங்களுக்கு எதிர்த்தரப்பு வீட்டையும் கேட்டாக வேண்டும்.

அப்பா: அவர்களோடு பேச்சே கிடையாது.

நான்: அப்படியென்றால் அந்தக் கடிதங்கள் உறையிலேயே இருக்கட்டும். காப்பகத்துக்குக் கொடுத்தாலும் இத்தனை ஆண்டுகளுக்குத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை எழுதி வாங்கலாம். ஆஸ்திரேலியாவில் வாருமுங்கு பழங்குடி மக்களோடு சேர்ந்து முகுர்து என்று ஒரு மென்பொருளையே உருவாக்கினார்கள். எந்தப் படத்தை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று அந்தச் சமூகமே முடிவு செய்யும்.

அப்பா: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

பிற்பகல் 4:40
பெரியப்பா: 📷 படம் எண் 17. நாற்காலியில் தாத்தாவும் பாட்டியும். தரையில் நான், தம்பி, மடியில் தங்கை. வலது ஓரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பது யாரோ வேலைக்கு இருந்த பெண்.

அத்தை: அண்ணா, என்ன சொல்கிறீர்கள்?

அத்தை: அது சின்னம்மா. பாட்டியின் கூடப்பிறந்த தங்கை. கணவர் போன பிறகு நம் வீட்டுக்கே வந்துவிட்டார். உங்களுக்கு அம்மை போட்டபோது இரவு முழுக்க வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தது யார் என்று நினைத்தீர்கள்?

பெரியப்பா: அந்தச் சின்னம்மாவா? எனக்கு முகமே நினைவில்லை.

அத்தை: அந்த நாளில் நாற்காலி அவருக்குப் போட மாட்டார்கள். அதனால்தான் தூண். உற்றுப் பாருங்கள், இடது கையில் ஒரு துணி மூட்டை இருக்கும். என் மாற்றுச் சட்டை அது. படம் எடுக்கும்போது நான் நனைத்துவிடுவேன் என்று வைத்திருந்தாராம். பாட்டி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சித்தி: இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம், மூட்டை இருக்கிறது.

நான்: அத்தை, அவர் பெயர் என்ன? விவரச் சீட்டில் எழுத வேண்டும்.

அத்தை: சின்னம்மா.

நான்: அது நீங்கள் கூப்பிட்டது. அவருக்கு வைத்த பெயர்?

அத்தை: தெரியவில்லையே அம்மா. நாங்கள் யாரும் கேட்டதே இல்லை.

நான்: காப்பகத்தில் பெட்டி பெட்டியாக இப்படித்தான் இருக்கிறது அத்தை. ஆண்கள் பெயர் பட்டத்தோடு இருக்கும், பக்கத்தில் ‘குடும்பத்தினர்’ என்று ஒரே சொல். மிச்சத்துக்கெல்லாம் ‘அடையாளம் தெரியாத பெண்’ என்று எழுதி எழுதிக் கை சலித்துவிட்டது. நீங்கள் இப்போது சொன்ன மூன்று வரியை எந்த ஸ்கேனரும் எடுக்காது. அப்படியே குரல்பதிவாக அனுப்புங்கள், சட்டை மூட்டையோடு. பெயர் இருக்கும் இடத்தைக் காலியாக விட்டு, ‘சின்னம்மா என்று அழைக்கப்பட்டவர்’ என்று எழுதுகிறேன்.

அத்தை: 🎤 குரல்பதிவு (11:42)

அண்ணன்: பதினொரு நிமிடமா!

அத்தை: பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

இரவு 8:22
பெரியப்பா: கடிதக் கட்டை ஒருமுறை புரட்டினேன், எதுவும் சின்னம்மாவுக்கு வந்ததாக இல்லை. ஆனால் நாடா ஒன்றின் உறையில் அப்பாவின் கையெழுத்தில் ‘பின்பக்கம்: சின்னம்மா, தாலாட்டு’ என்று இருக்கிறது. பழைய டேப் ரிக்கார்டர் பரணில்தான் இருக்கிறது. போட்டுப் பார்க்கட்டுமா?

நான்: போடாதீர்கள் பெரியப்பா!! இத்தனை வருடம் சுற்றாத நாடா சிக்கிக்கொண்டால் அறுந்துவிடும். பூஞ்சை இருந்தால் ரிக்கார்டரும் சேர்ந்து கெடும். சனிக்கிழமை காப்பகத்தில் நாடாவைப் பார்ப்பவரிடம் கொடுத்துக் கணினிக் கோப்பாக மாற்றி வாங்கலாம்.

அத்தை: சனிக்கிழமை நானும் வருகிறேன்.

பெரியப்பா: லேமினேஷன் கடைக்குப் போகவில்லை. நாடாவை எப்படிக் கொண்டுவர வேண்டும், படுக்கவைத்தா நிறுத்தியா?

நான்: நிறுத்தி. வெயில் படாமல்.